பரீட்சை ஆங்கிலமும் தீவகத்து மாணவரும்

புதுமுக மாணவர் பல்கலைக்கழகத்துள் காலடி வைக்கும் ஒவ்வோராண்டும் விரிவுரையாளர் ஓய்வறைகளில் ஒரு புலம்பல் தவறாது எழுகின்றது. "இவர்களுக்கு ஆங்கிலம் வராது" என்பதே அப்புலம்பல். பெயர்ப்பட்டியலைப் புரட்டி ஊரையும் பார்த்தபின், குரலைச் சற்றே தாழ்த்தி, "தீவுப்பகுதிப் பிள்ளை" என்றொரு விளக்கமும் சேர்க்கப்படும். விளக்கம் கூறியவருக்கு அத்துடன் மனம் ஆறிவிடும். கேட்டவருக்கும் ஆறிவிடும். மேற்கொண்டு வினவ அங்கு எவருமிரார்.

அந்த விளக்கத்தை மறுப்பதற்கே இக்கட்டுரை எழுகின்றது. தீவகத்து மாணவருக்கு ஆங்கிலம் கைகூடாமற் போவதற்குக் காரணம் தீவு அன்று, மாணவரும் அல்லர். ஆங்கிலப் பரீட்சைக்கென நாம் அவர்களை ஆயத்தப்படுத்தும் முறையே காரணம். அம்முறையின் ஆணிவேர், தமிழை ஆங்கில வகுப்பின் வாயிலுக்கு வெளியே நிறுத்திவைப்பதாகும். நெடுந்தீவிற் பிறந்து, அப்பரீட்சைகள் யாவற்றையும் எழுதிச் சித்தியும் பெற்று, இன்று அதே ஆங்கிலத்தைக் கற்பிக்கும் போதனாசிரியர்களுள் ஒருவனாக இருப்பவன் என்ற முறையில் இதனைக் கூறுகின்றேன். குற்றவாளிக் கூண்டில் எனக்கும் இடமுண்டு.

தீவகம் பிறமொழியை அறியாத நிலம் அன்று. ஒல்லாந்தர் இத்தீவுகளைக் கைப்பற்றித் தம் நாட்டு நகரங்களின் பெயர்களையே இவற்றுக்குச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், எழுவைதீவு ஹூர்ன். இவற்றுட் பெரும்பாலான பெயர்கள் ஏடுகளிலேயே உறங்கிவிட்டன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் என்ற பெயர் மாத்திரம் அரச கடிதங்களில் இன்றும் உயிர்வாழ்கின்றது. எமது பிறப்புச் சான்றிதழிலேயே ஓர் ஐரோப்பிய நகரம் உண்டு. எனினும் 'ஆங்கிலச் சூழல் இல்லாத பிரதேசம்' என்று எம்மைக் குறித்து எழுதுவோர் உளர்!

இனிப் பரீட்சைக்கு வருவோம். இந்நாட்டில் ஆங்கிலப் பரீட்சைகளின் நிலை வேடிக்கையானது. சாதாரண தரத்தில் ஆங்கிலத்திற் சித்தியடையாதவரும் உயர்தரம் கற்கலாம். உயர்தரத்திற் பொது ஆங்கிலம் என்றொரு வினாத்தாள் உண்டு. அதிற் பெறும் புள்ளி பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியிற் சேர்வதில்லை. ஆகவே, அனுமதியின் வாயிலில் ஆங்கிலம் கேட்கப்படுவதில்லை. வாயிலைக் கடந்தபின் நடப்பது யாது? மருத்துவமும் பொறியியலும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படுகின்றன. தமிழில் விரிவுரை நிகழும் கலைத்துறையிலுங்கூட வாசிக்கவேண்டிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. வாயிலிற் கேட்காத சுங்கத்தை உள்ளே அழைத்துவைத்து அறவிடும் தந்திரம் இது. சுங்கம் கட்ட வகையுள்ளவர் யார் என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. நகரத்துப் பிள்ளை தனியார் கல்வி நிலையத்திற் கட்டணம் செலுத்திப் படித்திருக்கும். 2001ஆம் ஆண்டு தொடக்கம் மீண்டும் திறந்துவிடப்பட்ட ஆங்கில மொழிமூல வகுப்புகளும் பெரும்பாலும் நகரத்துப் பெரிய பாடசாலைகளையே சென்றடைந்தன.

தீவகத்துப் பிள்ளை எவ்வாறு ஆயத்தமாகின்றது? ஊர்காவற்றுறையும் வேலணையும் புங்குடுதீவும் பண்ணைப் பாலத்தாலும் பிற தாம்போதிகளாலும் யாழ்ப்பாணத்துடன் இணைந்திருப்பன, பேருந்து செல்லும். அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்குக் கடலே வழி. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவு கூப்பிடு தொலைவு. நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணம். குமுதினிப் படகை அறியாத நெடுந்தீவார் இலர். 1985 மே 15இல் அப்படகிற் சென்ற பயணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டதை மறந்தவரும் இலர். அக்கடலைக் கடந்தே எமது ஆசிரியர்கள் காலையில் வந்தார்கள். பிற்பகற் படகைத் தவறவிடாது திரும்பினார்கள். முதற் பாடவேளையும் கடைசிப் பாடவேளையும் கடலிற் கரைந்துபோகும். எமது நேரசூசியில் ஆங்கிலம் கடைசிப் பாடவேளையாக இருந்தது.

ஆசிரியர்களைக் குறைகூறுதல் எளிது, நியாயமன்று. பற்றாக்குறைக்கு வேறொரு வேருண்டு. 1990இல் போர் தீவகத்தைச் சூழ்ந்தபோது பெருந்தொகையான மக்கள் வெளியேறினர். பலர் மீளவில்லை. புங்குடுதீவின் பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் வளர்கின்றனர். எஞ்சிய பாடசாலைகளில் மாணவர் தொகை சிறிது. மாணவர் தொகையைக் கொண்டே ஆசிரியர் ஒதுக்கப்படுகின்றனர். நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கில ஆசிரியரை அனுப்புவது கணக்குக்கு ஒவ்வாது என்று கூறும் அதிகாரியிடம், அந்த நாற்பது பேரும் அதே தேசிய வினாத்தாளையே எழுதுகின்றனர் என்பதை யார் எடுத்துரைப்பது? புலம்பெயர்ந்த ஊரவர் அனுப்பும் பணத்திற் கணினி அறை எழுகின்றது. திறப்புவிழாவுக்குப் பந்தலும் எழுகின்றது. கணினியின் முன் அமர்ந்து ஆங்கிலம் கற்பிக்க ஆளில்லை. கொடையாளரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் எனக்கில்லை. ஆயினும், ஒரு கணினி அறையின் விலையில் ஓர் ஆசிரியர் தீவிலேயே தங்குவதற்கு வீடமைத்துக் கொடுக்கலாம் என்பதைச் சொல்லாமலிருக்க இயலவில்லை.

ஆசிரியர் உள்ளபோதும் ஆயத்தம் என்பது மனனமே. நான் உயர்தரம் எழுதிய ஆண்டில் எமக்கு ஆங்கிலம் கற்பித்தவர் நல்லவர், எம்மேல் இரக்கமுடையவர். 'சூழல் மாசடைதல்' பற்றி நூற்றைம்பது சொற்கொண்ட கட்டுரையொன்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "தம்பி, விளங்காட்டியும் பரவாயில்லை, பாடமாக்கிப் போடும். எது வந்தாலும் இதை எழுதலாம்" என்றார். பாடமாக்கினேன். வினாத்தாளில் வாசிப்புப் பழக்கம் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். புத்தகங்கள் எமது நண்பர்கள் என்று ஒரு வாக்கியம் எழுதி, ஆனால் இன்று சூழல் மாசடைகின்றது என்று இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கி, மிகுதியைக் கொட்டிவைத்தேன். கடிதத்துக்கும் வார்ப்பு இருந்தது. விளம்பரத்துக்கும் வார்ப்பு இருந்தது. சித்தியடைந்தேன்.

அந்தச் சித்தியே எனக்கு நேர்ந்த கேடு. பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டில் ஒரு விரிவுரையாளர் பன்னிரண்டு பக்க ஆங்கிலக் கட்டுரையொன்றைத் தந்து, ஆசிரியரின் வாதத்தை எழுதிவரும்படி பணித்தார். சொற்களுட் பெரும்பாலானவை எனக்குத் தெரிந்திருந்தன. தெரியாதவற்றை அகராதியிற் பார்த்துக்கொண்டேன். இருந்தும் அக்கட்டுரையாளர் தாம் எடுத்துக்கூறும் கருத்தை ஏற்கின்றாரா மறுக்கின்றாரா என்பதை என்னால் அறியமுடியவில்லை. மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய கருத்தையே அவருடைய கருத்தாக எழுதிக்கொடுத்தேன். தோல்வியடைந்த மாணவன் உதவி கேட்பான். சான்றிதழ் பெற்றவனோ வெட்கத்தினால் வாயை மூடிக்கொள்வான். நான் இரண்டாண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இந்நோய் எமக்கு மட்டும் உரியதன்று. சீனத்திற் பல்கலைக்கழக மாணவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு 1987ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நான்காம் நிலை, ஆறாம் நிலை என இரு படிகள் அதற்குண்டு. நான்காம் நிலையில் தேறாதவருக்குப் பட்டமில்லை என்று பல பல்கலைக்கழகங்கள் விதித்தன. விளைவு யாது? சொற்பட்டியற் புத்தகம் விற்பனையிற் கொழித்தது. அகரவரிசையில் அமைந்த அப்புத்தகங்களின் தொடக்கத்தில் நிற்கும் சொல்லின் பொருள் 'கைவிடு' என்பதாம். அச்சொல்லைக் கற்றுக்கொண்டு அத்துடன் புத்தகத்தையும் கைவிட்டோர் ஏராளம் என்பது அங்குள்ள மாணவரிடையே வழங்கும் பகடி. தேர்விற் புள்ளி பெற்றும் வாய்திறந்து பேச இயலாதிருப்பதை 'ஊமை ஆங்கிலம்' என்று அந்நாட்டவரே பெயரிட்டு ஏசினர். 2005ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் சித்தி, தோல்வி என்ற பாகுபாட்டை நீக்கி, 710 புள்ளிகளுக்குப் பெறுபேற்று அறிக்கை வழங்கும் முறைக்கு மாறினர்.

ஆயின் சீனர் செய்த வேறொன்றையே நாம் உற்றுநோக்குதல் வேண்டும். 2013 டிசம்பர் தொடக்கம் அத்தேர்வில், சீனமொழியில் அமைந்த ஒரு முழுப்பந்தியைக் கொடுத்து ஆங்கிலத்திற் பெயர்க்கச் சொல்கின்றனர். அந்நாட்டின் வரலாறும் பண்பாடும் பொருளாதாரமும் அப்பந்திகளின் பொருளாகின்றன. ஆங்கிலத் தேர்வின் நடுவிலே தாய்மொழிக்கு ஓர் இருக்கை! அத்தேர்வின் ஏனைய குறைகள் எவையாயினும், மாணவர் தம் மண்ணின் செய்தியைத் தம் மொழியிலிருந்து பிறமொழிக்குக் கொண்டுசெல்லக் கற்கவேண்டும் என்பதை அது ஒப்புக்கொண்டுவிட்டது. எமது பொது ஆங்கில வினாத்தாளில் தமிழுக்கு ஓர் எழுத்தளவு இடமும் இல்லை. வகுப்பிலோ தமிழ் பேசுதல் குற்றம்.

'ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பித்தல் வேண்டும்' என்னும் கோட்பாடு எமது பயிற்சிக் கலாசாலைகளில் வேதவாக்காக விளங்கி வந்திருக்கின்றது. வீட்டிலே ஆங்கிலச் செய்தித்தாள் வாங்கும் பிள்ளைக்கு அது பொருந்தலாம். நெடுந்தீவுப் பிள்ளைக்கு அது விளங்காத சத்தம். ஓர் எடுத்துக்காட்டு தருகின்றேன். 'நேற்று நயினாதீவிலிருந்து வந்த படகு' என்கின்றோம். அடை முழுவதும் முன்னே நிற்கும். பெயர் இறுதியில் வரும். ஆங்கிலத்திலோ முதலிற் படகு வந்து நின்றுவிடும். எந்தப் படகு என்ற செய்தி அதன் பின்னே வால்போல நீளும். படகு, வந்தது, நயினாதீவிலிருந்து, நேற்று என்பதே அதன் அடுக்கு. எமது வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். அவர்களது வினை எழுவாயை அடுத்து நிற்கும். இவ்விரு செய்திகளையும் தமிழில் எடுத்துரைக்கப் பத்து நிமிடம் போதும். அதனைக் கேட்ட மாணவர் நாற்பது சொற்கொண்ட ஆங்கில வாக்கியத்தைக் கண்டு மிரளமாட்டார். பெயரைப் பிடித்துக்கொண்டு வாலை அவிழ்க்கத் தொடங்குவார். பன்னிரண்டு ஆண்டுப் பாடசாலைப் படிப்பில் இப்பத்து நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

'ஆயினும்', 'ஒருபுறம்', 'என்று சிலர் கூறுவர்' முதலிய சொற்களின் செயலும் அத்தகையது. ஒரு வாதம் எங்கே திரும்புகின்றது என்பதைத் தமிழில் அறியப் பழகாதவர் ஆங்கிலத்தில் அறியார். இங்கே எமது தமிழாசிரியர்களும் தலைகுனிய வேண்டும். தமிழ்ப் பாடத்திலும் கட்டுரைத் தொகுப்பைப் பாடமாக்கியே புள்ளி பெறுகின்றோம். ஒரு பந்தியை வாசித்து, அதன் கருத்தை மூன்று வாக்கியத்தில் தம் சொந்தத் தமிழிற் சுருக்கத் தெரியாத மாணவரிடம் ஆங்கிலச் சுருக்கம் கேட்பது எங்ஙனம்? ஆங்கிலத்தின் வீழ்ச்சி என்று நாம் அழுவதிற் பாதி, தமிழ் கற்பித்தலின் வீழ்ச்சி.

இது என் தனி அனுபவத்திலிருந்து எழுந்த ஆத்திரம் மட்டும் அன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்தில் அங்கு தாம் நடத்திய ஆங்கில வகுப்பையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு 1999இல் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வகுப்பின் பாடநூல் அமெரிக்க வாழ்க்கையை வைத்து எழுதப்பட்ட ஒன்று. அதன் மாந்தரும் அவர்தம் கவலைகளும், குண்டுவீச்சின் நடுவே வகுப்புக்கு வந்த எமது மாணவருக்கு வேற்றுலகம். மாணவர் வெளிப்படையாக எதிர்க்கவில்லை. பாடநூலின் ஓரங்களில் தமிழில் எழுதினர்; படங்கள் வரைந்தனர்; காலத்தின் முழக்கங்களைப் பொறித்தனர். ஆசிரியரின் கண்ணுக்குப் படாமல் தமிழிலேயே ஆங்கிலத்தை விளக்கிக்கொண்டனர். அதே வேளை பரீட்சைக்கு வேண்டிய இலக்கணத்தைத் தருமாறு கேட்டும் நின்றனர். அந்நூலை நான் வாசித்தபோது என் பழைய கொப்பிகளின் ஓரங்கள் நினைவுக்கு வந்தன. நாம் வாயிலுக்கு வெளியே நிறுத்திய தமிழ், ஓரத்து வெள்ளைத்தாள் வழியாக உள்ளே நுழைந்துவிட்டது. அதனை நடுப்பக்கத்துக்கு அழைப்பதில் நமக்கு ஏன் இத்தனை தயக்கம்?

பழைய யாழ்ப்பாணம் இத்தயக்கத்தை அறியாதது. 1823 முதல் 1855 வரை இயங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. தமிழிலக்கியமும் உடன் கற்பிக்கப்பட்டது. அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். கலித்தொகையைப் பதிப்பித்த கைகளும் ஆங்கிலப் பரீட்சை எழுதிய கைகளும் ஒன்றே. எமது தீவகத்தையே எடுத்துக்கொள்வோம். 1913இற் கரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் ஆங்கிலக் கல்வியில் வளர்ந்தவர். தமிழை ஆழமாகக் கற்றது பின்னர்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று திரும்பியவர், 1952இல் 'தமிழ்ப் பண்பாடு' என்று பொருள்படும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1966இற் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடுவதற்கு முன்னின்றார். அவருடைய ஆங்கிலம் முன்னரே சரளமானது. அந்த ஆங்கிலத்துக்குச் சொல்வதற்கு ஒரு பொருள் கிடைத்தது தமிழினாலே.

இங்கு ஒரு மறுப்பு எழும், எழவேண்டும். அவர்கள் வசதியும் வாய்ப்பும் பெற்ற சிலர். விடுதியில் தங்கி ஆண்டுக்கணக்கிற் கற்றவர்கள். அச்சிலரின் ஆங்கிலம் பலரின் மௌனத்தின் மேல் எழுந்தது. உண்மை. செமினரியின் கதையை நான் பொற்காலமாகப் பாடவில்லை. இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் வந்திராவிட்டால் என் போன்றோர் இவ்விதழில் எழுதும் பேச்சுக்கே இடமில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தது. படிப்படியாகப் பாடசாலைகளும், 1960களிற் பல்கலைக்கழகக் கலைத்துறையும் தாய்மொழிக்கு மாறின. அம்மாற்றம் சரியானது. அரைவழியில் நின்றதே பிழை. ஆரம்ப ஆண்டுகளிற் கலைச்சொற்றொகுதிகள் வெளிவந்தன. பல்கலைக்கழகப் பாடநூல்கள் சில தமிழாக்கப்பட்டன. பின்னர் அம்முயற்சி தளர்ந்தது. நூல்கள் தமிழில் வரவில்லை. ஆங்கிலத்தில் வாசிக்கவும் கற்பிக்கவில்லை. இரண்டு படகுகளையும் விட்டுவிட்டு மாணவரை இறங்குதுறையில் நிறுத்திவிட்டோம்.

இத்துன்பம் தமிழருக்கு மாத்திரம் உரியதன்று என்பதையும் கூறுதல் வேண்டும். தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களில் கிராமத்துச் சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்று அழைத்தனர். வாள் என்பது அதன் பொருள். பேராதனையிற் கற்பித்த திரு கந்தையா 1984இல் அச்சொல்லையே தலைப்பிற் கொண்டு ஆங்கிலத்தின் அதிகாரத்தை ஆராய்ந்தார். மாத்தறைப் பிள்ளையின் கழுத்திலும் மண்டைதீவுப் பிள்ளையின் கழுத்திலும் படுவது ஒரே வாள்தான்.

அப்படியாயின் வாளைத் தூர எறிந்துவிடலாமே என்போரும் நம்மிடையே உளர். தமிழ் மேடைகளில் அவர்தம் குரல் ஓங்கி ஒலிக்கும். தமிழ் போதும், ஆங்கிலம் அடிமைச் சின்னம் என்பர். மேடையிலிருந்து இறங்கியதும் தம் பிள்ளையை ஆங்கில மொழிமூல வகுப்பிற் சேர்க்க அதிபரின் வாசலிற் காத்து நிற்பர். இவர்களைக் காட்டிலும், 'தமிழை மறந்தால்தான் ஆங்கிலம் வரும்' என்று நேரடியாகக் கூறும் மேட்டுக்குடியாரே நேர்மையாளர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இரு சாராரும் ஒன்றிலே உடன்படுகின்றனர்: தமிழும் ஆங்கிலமும் ஒரே தலைக்குள் இருக்கமுடியாது என்பது அவர்தம் துணிபு. அத்துணிபின் விலையைக் கொடுப்பவர் குறிகட்டுவானிற் படகுக்குக் காத்துநிற்கும் மாணவர்.

என்ன செய்யலாம் என்று கேட்பின், முதலிற் பரீட்சையைத் தொடவேண்டும். பரீட்சை மாறாமற் கற்பித்தல் மாறும் என்று எதிர்பார்ப்பது, எமது நாட்டை அறியாதவர் பேச்சு. பொது ஆங்கில வினாத்தாளில் ஒரு பந்தி தாய்மொழியில் இடம்பெறட்டும். அதனை ஆங்கிலத்திற் பெயர்க்கவோ, அதன் கருத்தை ஆங்கிலத்திற் சுருக்கவோ கேட்கட்டும். மறுபுறமாக, ஓர் ஆங்கிலப் பந்தியின் வாதத்தைத் தமிழில் எழுதவும் ஒரு வினா இருக்கட்டும். பாடமாக்கிய 'சூழல் மாசடைதல்' அங்கே செல்லாது. இவ்வினாத்தாள் சிங்கள மாணவருக்கும் தமிழ் மாணவருக்கும் பொதுவானது, ஆகையால் இது நடைமுறைக்கு ஒவ்வாது என்பர். வரலாறும் பௌதிகவியலும் மூன்று மொழிகளில் அச்சாகின்றனவே! ஒரு பந்தியை இரு மொழிகளில் அச்சிடும் சிரமம், இவ்வளவு மாணவரின் ஊமைத்தனத்தைவிடப் பெரிதோ? திருத்துவோர் இருமொழியும் அறிந்தவராக இருத்தல் வேண்டுமே என்பது அடுத்த தடை. இருமொழியும் அறியாதவர் தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்கலாகாது என்பதே என் கட்சி.

பல்கலைக்கழகமும் கைகழுவ முடியாது. முதல் வாரத்தில் ஒரு தேர்வு வைத்து, மாணவரை மேல், கீழ் என்று பிரித்துக் கீழ்வகுப்பினருக்கு மீண்டும் 'இது ஒரு மேசை' என்று தொடங்குகின்றோம். இருபத்தொரு வயதில், உயர்தரத்தில் அரசறிவியலும் பொருளியலும் கற்று வந்தவர் முன் மேசையைக் காட்டுவது அவமதிப்பு. அவர் வாசிக்கவேண்டிய பாடத்திலிருந்தே ஒரு பக்கத்தை எடுத்து, தமிழில் அதன் அமைப்பை அவிழ்த்துக் காட்டி, பின் ஆங்கிலத்தில் அவரையே கட்டச் சொல்லலாம். ஆங்கிலப் பிரிவும் ஏனைய துறைகளும் ஒன்றோடொன்று பேசினாலன்றி இது நடவாது. இவ்விரு சாராரும் ஒரே மேசையில் தேநீர் அருந்தி நான் கண்டதில்லை.

கடந்த தவணையில் என் வகுப்பில் இதனைச் சிறிதாகச் செய்துபார்த்தேன். பாடநூலை மூடிவைத்துவிட்டு, தீவொன்றின் கடற்றொழிலாளர் எழுதுவதுபோல் ஒரு விண்ணப்பத்தைத் தமிழில் அமைத்து, அதனை ஆங்கிலத்திற் பெயர்க்கக் கொடுத்தேன். சோளக காலத்திற் கடலுக்குச் செல்ல இயலாமை பற்றியும் நிவாரணம் பற்றியும் அதில் எழுதியிருந்தேன். நகரத்து மாணவர் ஒருவர் சோளகத்துக்கு 'மொன்சூன்' என்று விரைந்து எழுதினார். அனலைதீவு மாணவி ஒருவர், அதுவரை வகுப்பில் வாய்திறவாதவர், எழுந்து மறுத்தார். "சேர், மொன்சூன் எண்டால் மழையெண்டுதான் நினைப்பினம். சோளகத்தில எங்கட பக்கம் மழையில்லை, காத்து மட்டும்தான்" என்றார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. வாதம் தமிழில் நடந்தது. முடிவில் ஒரே சொல் கிடையாதென்று கண்டு, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசுகின்ற வறண்ட காற்று என்ற பொருள்பட ஓர் ஆங்கிலத் தொடரை அம்மாணவியே கரும்பலகையில் எழுதினார். காற்று முன்னே நின்றது. அதன் வால் பின்னே ஒழுங்காக நீண்டிருந்தது. ஓர் எழுத்துப் பிழை இருந்தது, அதைத் திருத்தினேன். நேரம் முடிந்து அடுத்த வகுப்பினர் வாயிலில் வந்து நின்றபோதும், கொண்டற் காற்றுக்கு என்ன எழுதுவது என்று எழுவைதீவு மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.